செருக்கும் துடுக்கும்: சில ஆங்கிலச் சொற்களின் வரலாறு

தன்னைப் பற்றி அளவுக்கு மீறி எண்ணிக்கொள்பவரையும், பெரியவர்கள் எனப்படுவோரிடம் எல்லை மீறிப் பேசுபவரையும் குறிக்க ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உள்ளன. 'அரகன்ட்', 'இன்சொலன்ட்', 'இம்பெர்டினன்ட்', 'இம்பூடன்ட்', 'சாசி', 'சீக்கி', 'அப்ஸ்டார்ட்', 'அப்பிட்டி' ஆகியவை அவற்றுள் சில. ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் இவற்றுக்கு எதிரே 'திமிர் பிடித்த', 'செருக்குள்ள', 'துடுக்கான', 'மரியாதையற்ற' என்ற சொற்களே திரும்பத் திரும்ப வரும். ஆகவே மாணவர் பலர் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று மனப்பாடம் செய்துவிடுகின்றனர்.

உண்மையில் இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு. 'அரகன்ட்' போன்றவை பெரும்பாலும் மேலே இருப்பவரைப் பற்றிக் கீழே இருப்பவர் சொல்பவை. 'இன்சொலன்ட்', 'இம்பெர்டினன்ட்' போன்றவை கீழே இருப்பவரை நோக்கி மேலே இருப்பவர் சொல்பவை. யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை அறியாமல் இச்சொற்களின் பொருளை முழுமையாக அறிய முடியாது. அந்த வரலாற்றைச் சில உண்மை நிகழ்வுகளின் துணையோடு இக்கட்டுரையில் காண்போம்.

இலத்தீன் வேர்கள்

இச்சொற்களுள் முக்கியமானவை இலத்தீன் மொழியிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றின் தொடக்கப் பொருளில் பல வேளைகளில் வசையே இல்லை.

'இம்பெர்டினன்ட்' என்பதன் நேர்ப்பொருள் 'தொடர்பற்றது' என்பதே. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் இச்சொல்லை அந்தப் பொருளில்தான் ஆண்டுள்ளார். சொல்ல வேண்டிய செய்திக்குத் தொடர்பில்லாத பேச்சு என்பதிலிருந்து, பேச உரிமை இல்லாதவரின் பேச்சு என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. நம் வீடுகளில் 'அதிகப்பிரசங்கி' என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதும் ஏறத்தாழ இதே வழியில் அமைந்ததுதான். தேவைக்கு மேல் பேசுவது என்பது மரியாதையின்மை என்றாகிவிடுகிறது. பழைய பொருள் சட்டத்துறையில் மட்டும் இன்றும் பிழைத்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 12ஆம் விதி, வழக்குரையில் உள்ள 'இம்பெர்டினன்ட்' செய்திகளை நீக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அங்கே அதற்கு வழக்குக்குத் தொடர்பற்றவை என்று பொருள், துடுக்கானவை என்பதல்ல.

'இன்சொலன்ட்' என்பதன் வேர்ப்பொருள் 'வழக்கத்துக்கு மாறானது'. ஆங்கிலத்தில் முதலில் இது பிறரை இழிவாக நடத்தும் செருக்கரையே குறித்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத் தலைவன் மனிதர் படும் துன்பங்களை அடுக்கும்போது, பதவியில் இருப்போரின் 'இன்சொலன்ஸ்' என்பதையும் ஒன்றாகச் சேர்க்கிறான். அதிகாரத்தை மதிக்காத கீழ்நிலையாளர் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. அதிகாரியைச் சுட்டிய சொல் அப்படியே திரும்பி, ஊழியரைச் சுட்டத் தொடங்கியது.

'அரகன்ட்' என்பது தனக்கு உரியதல்லாததையும் தனதென்று கோருபவரைக் குறிக்கும். 'இம்பூடன்ட்' என்றால் வெட்கமற்றவர். 'சூப்பர்சிலியஸ்' என்ற சொல்லின் வேர் புருவத்தைக் குறிப்பது. புருவத்தை உயர்த்திப் பிறரை ஏளனமாகப் பார்ப்பவர் என்பது கருத்து.

முகமும் சுவையும்

வெட்கம் முகத்தில் தெரியும் என்பதால் வெட்கமின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல முகத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. 'எஃப்ரன்டரி' என்பதில் நெற்றி இருக்கிறது. 'பிரேசன்' என்றால் பித்தளையால் ஆனது. பித்தளை முகம் சிவக்காது அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் 'லிப்' எனும் உதடும், 'சீக்' எனும் கன்னமும் இதே வேலைக்கு வந்தன. 'சீக்கி' என்ற சொல் கன்னத்திலிருந்து பிறந்ததே.

'சாசி' என்பது உணவுடன் சேர்த்து உண்ணும் 'சாஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் உப்பு. உப்பும் காரமும் கூடிய பேச்சு என்று கொள்ளலாம். நாம் 'வாய்க்கொழுப்பு' என்று சொல்வதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேவலின் பெயரான 'காக்' என்பதிலிருந்து 'காக்கி' என்ற சொல் 18ஆம் நூற்றாண்டில் தற்பெருமைக்காரரைக் குறிக்கலாயிற்று. காவலர் உடையின் நிறத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஏதென்சில் செருக்கு ஒரு குற்றம்

இன்று ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'ஹியூப்ரிஸ்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அழிவைத் தேடித் தரும் மிதமிஞ்சிய தன்னம்பிக்கை என்பது அதன் இன்றைய பொருள். இது 19ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பண்டைய ஏதென்சில் இதன் பொருள் இன்னும் கூர்மையானது. 'ஹைப்ரிஸ்' அங்கே நீதிமன்றத்தில் வழக்குத் தொடரத்தக்க குற்றம்.

எவ்வித ஆதாயமும் கருதாமல், பிறரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காண்பதே 'ஹைப்ரிஸ்' என்று அரிஸ்டாட்டில் விளக்குகிறார். இளைஞரும் செல்வரும் தாம் உயர்ந்தவர் என்று காட்டிக்கொள்ளவே இதைச் செய்கின்றனர் என்றும் கூறுகிறார். பேச்சாளர் டெமாஸ்தனிசை மீடியஸ் என்ற செல்வர் திருவிழா அரங்கில் அனைவர் முன்னும் கன்னத்தில் அறைந்தார். அது தொடர்பான உரையில் டெமாஸ்தனிஸ், அடிமையை இழிவுபடுத்தினாலும் வழக்குத் தொடர ஏதென்சின் சட்டம் இடம் தருகிறது என்பதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்.

ஏதென்ஸ் அடிமைகளை வைத்திருந்த நகரம்தான். நடைமுறையில் அடிமைக்கு எவ்வளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஆயினும் சட்டத்தின் திசை கவனிக்கத்தக்கது. வலியவர் எளியவரிடம் காட்டும் செருக்கே அங்கே குற்றமாக எழுதப்பட்டது. பிற்காலத்தில் இதற்கு நேர்மாறான சட்டங்கள் வந்தன.

1670: ஒரு கேள்வியும் இரண்டு வசைகளும்

1670ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலண்டனின் கிரேஸ்சர்ச் தெருவில் வில்லியம் பென் என்ற 25 வயது இளைஞர் சமயச் சொற்பொழிவு ஆற்றினார். அவர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுடைய கூடம் பூட்டப்பட்டிருந்ததால் தெருவிலேயே கூட்டம் நடந்தது. பென்னும் வில்லியம் மீட் என்பவரும் கைது செய்யப்பட்டு, செப்டம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

எல்லா மனிதரும் சமம் என்பதால் எவர் முன்னும் தொப்பியைக் கழற்றுவதில்லை என்பது குவேக்கர்களின் கொள்கை. அன்று அவர்கள் தலையில் தொப்பி இல்லாமல்தான் வந்தனர். நீதிமன்றம் ஊழியரைக் கொண்டு தொப்பியை அணிவிக்கச் செய்து, பிறகு தொப்பியைக் கழற்றவில்லை என்று இருவருக்கும் தலா 40 மார்க் அபராதம் விதித்தது.

எந்தச் சட்டத்தின்படி தம்மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று பென் கேட்டார். பொதுச் சட்டத்தின்படி என்று பதில் வந்தது. அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அவர் மீண்டும் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பில் அந்த ஆண்டே வெளியிடப்பட்ட பதிவின்படி, 'ரெகார்டர்' என்ற நீதிமன்ற அதிகாரி அவரை 'சாசி' என்றும் 'இம்பெர்டினன்ட்' என்றும் ஏசினார். நீதிமன்றத்துக்கே சட்டம் கற்பிக்கிறாயா என்பது அவருடைய கோபம்.

'இம்பெர்டினன்ட்' என்பதன் பழைய பொருளை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வழக்குக்குத் தொடர்பற்றது என்பதே அதன் பழைய பொருள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கேட்கக்கூடிய கேள்விகளுள், எந்தச் சட்டத்தை மீறினேன் என்பதைவிட வழக்குக்குத் தொடர்புள்ள கேள்வி வேறு உண்டா? தொடர்புள்ள கேள்வியைத் தொடர்பற்றது என்று ஒதுக்கிவிட்டால் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இந்த வகைச் சொற்கள் செய்யும் வேலை பல வேளைகளில் இதுதான்.

ஜூரிகள் பென்னைக் குற்றவாளி என்று அறிவிக்க மறுத்தனர். உணவும் நீரும் இன்றி அடைத்து வைத்தும் அவர்கள் தீர்ப்பை மாற்றவில்லை. இறுதியில் அவர்களுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட மறுத்த எட்வர்ட் புஷெல் முதலியோர் சிறை சென்றனர். புஷெல் தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரிகளைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வாகன் முடிவு கூறினார். ஆங்கிலச் சட்ட வரலாற்றில் ஜூரிகளின் சுதந்திரத்தை நிலைநாட்டிய வழக்கு இது. 'இம்பெர்டினன்ட்' என்று ஏசப்பட்ட இளைஞரே பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவினார்.

புதிதாய் உயர்ந்தவர்கள்

பிறப்பாலும் படிப்பாலும் உயர்ந்தோர் எனக் கருதப்பட்டவர்கள், கீழிருந்து மேலே வந்தவர்களை ஏசுவதற்குத் தனிச் சொற்கள் வைத்திருந்தனர். அவற்றுள் முதன்மையானது 'அப்ஸ்டார்ட்'. திடீரென மேலெழுந்தவர் என்பது பொருள்.

இந்த வசைக்கு இலக்கான மிகப் புகழ்பெற்றவர் ஷேக்ஸ்பியர். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் பட்டம் பெற்ற எழுத்தாளர் ராபர்ட் கிரீன் 1592இல் காலமானார். அவர் பெயரில் அந்த ஆண்டே வெளியான சிறுநூல் ஒன்று, பிறர் இறகுகளால் தன்னை அழகுபடுத்திக்கொண்ட 'அப்ஸ்டார்ட்' காகம் என்று ஒரு நாடகக்காரரைச் சாடியது. பெயரை வைத்துச் செய்த சிலேடையால் அது ஷேக்ஸ்பியரையே குறிக்கிறது என்று அறிஞர்கள் கொள்கின்றனர். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழகம் செல்லாதவர், மேடையில் நடிப்பவர். அப்படிப்பட்டவர் நாடகம் எழுதத் துணிந்ததே குற்றமாகப் பட்டது. அச்சுக்குக் கொடுத்த ஹென்றி செட்டில் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இதற்கு இணையான மற்றொரு சொல் 'அல்ட்ராக்ரெபிடேரியன்'. தனக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்பவர் என்பது பொருள். இதன் பின்னணியில் உரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை உள்ளது. ஓவியர் அப்பெல்லஸ் தம் ஓவியத்தை மக்கள் பார்வைக்கு வைத்து, பின்னால் மறைந்திருந்து கருத்துகளைக் கேட்பாராம். செருப்புத் தைப்பவர் ஒருவர் ஓவியத்தில் செருப்பில் ஒரு பிழையைச் சுட்டினார். அப்பெல்லஸ் அதைத் திருத்தினார். மறுநாள் அந்தத் துணிவில் அவர் காலின் வடிவத்தையும் குறை கூறினார். உடனே அப்பெல்லஸ் வெளியே தலைநீட்டி, செருப்புக்கு மேலே போக வேண்டாம் என்றாராம்.

இந்தக் கதையிலிருந்து 1819இல் கட்டுரையாளர் வில்லியம் ஹேஸ்லிட் இந்த வசைச் சொல்லை எடுத்தாண்டார். 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழின் ஆசிரியர் வில்லியம் கிஃபோர்டு அவருடைய நூல்களைக் கடுமையாகத் தாக்கிவந்தார். அதற்குப் பதிலாக எழுதிய பகிரங்க மடலில்தான் ஹேஸ்லிட் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அதில் ஒரு குத்தலும் உண்டு. பெற்றோரை இழந்த கிஃபோர்டு இளமையில் செருப்புத் தைக்கும் தொழிலில் பயிற்சிக்கு விடப்பட்டவர். காகிதம் வாங்க வழியின்றித் தோல் துண்டுகளில் ஊசியால் கணக்குப் போட்டுப் பழகியவர். அவருடைய திறமையைக் கண்ட மருத்துவர் ஒருவர் ஊரில் பணம் திரட்டி அவரைப் படிக்க வைத்தார்.

ஹேஸ்லிட் எளியோர் பக்கம் நின்று எழுதியவர். கிஃபோர்டு தாம் ஏறிவந்த பின் மேட்டுக்குடிக்காக எழுதியவர். ஆயினும் கோபம் வந்தபோது ஹேஸ்லிட்டின் கைக்குக் கிடைத்த ஆயுதம் எதிரியின் பழைய தொழில்தான். நல்ல கொள்கை உடையவரையும் இச்சொற்கள் தம் திசையில் இழுத்துவிடும் என்பதற்கு இது சான்று.

பெண்களை நோக்கிய சொற்கள்

'பெர்ட்' என்ற சொல்லின் பழைய பொருள் 'வெளிப்படையானது'. பின்னர் அது பெண்களையும் சிறுவரையும் நோக்கிய கடிதலாயிற்று. 'ஹஸ்ஸி' என்பது 'ஹவுஸ்வைஃப்' என்ற சொல்லின் திரிபே. இல்லத்தரசியைக் குறித்த சொல், துடுக்கான பெண் என்று இழிந்துவிட்டது.

1813இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முடிவில் அழகான இடம் ஒன்று உண்டு. நாயகி எலிசபெத், என் 'இம்பெர்டினன்ஸ்' பிடித்துத்தான் என்னை விரும்பினீர்களா என்று டார்சியிடம் விளையாட்டாகக் கேட்கிறாள். அவர் அந்தச் சொல்லை ஏற்காமல், உன் மனத்தின் துடிப்பை விரும்பினேன் என்ற பொருளில் பதில் தருகிறார். பேச்சு ஒன்றே. ஒருவர் அதைத் துடுக்கு என்கிறார். மற்றவர் அதை அறிவுத்துடிப்பு என்கிறார்.

அடிமைமுறையும் 'இம்பூடன்ஸ்' என்ற குற்றமும்

இச்சொற்களின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதி அமெரிக்க அடிமைமுறையைச் சார்ந்தது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பிச்சென்று, புகழ்பெற்ற பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1855இல் தம் இரண்டாவது தன்வரலாற்றை வெளியிட்டார். அதில் நெல்லி என்ற பெண்ணுக்கு நேர்ந்ததை விவரிக்கிறார். ஐந்து பிள்ளைகளின் தாயான அவள்மீது தோட்ட மேற்பார்வையாளர் சாட்டிய குற்றம் 'இம்பூடன்ஸ்', அதாவது துடுக்கு. மரத்தில் கட்டி அவளைச் சவுக்கால் அடித்தனர். அவளுடைய சிறு பிள்ளைகள் மேற்பார்வையாளர்மீது கல்லெறிந்தும் காலைக் கடித்தும் தாயைக் காக்க முயன்றனர். அடிபட்ட பின்னும் அவள் அடங்கவில்லை என்று டக்ளஸ் எழுதுகிறார்.

அவர் தரும் விளக்கம் மொழி பயில்வோர் அனைவரும் அறிய வேண்டியது. அடிமைகள்மீது மிகுதியாகச் சாட்டப்பட்ட குற்றம் இதுவே. வரையறையே இல்லாத குற்றமும் இதுவே. பதில் சொன்ன தொனி துடுக்காகலாம். பதில் சொல்லாமல் இருப்பதும் துடுக்காகலாம். முகபாவம், தலையசைவு, நடை ஆகிய எதுவும் துடுக்காகலாம். எது துடுக்கு என்று முடிவு செய்பவர் சவுக்கை வைத்திருப்பவர் மட்டுமே.

1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னும் இது தொடர்ந்தது. அந்த ஆண்டே மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவமதிப்பான சைகையோ பேச்சோ செயலோ செய்தால் 10 முதல் 100 டாலர் வரை அபராதமும், 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம் என்றது. ஏதென்சின் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எளியவரை இழிவுபடுத்துவது குற்றம். இங்கே எளியவர் நிமிர்ந்து பார்ப்பதே குற்றம்.

'அப்பிட்டி' என்ற சொல் இந்தச் சூழலில் வளர்ந்தது. அச்சில் அது 1880இல் ஜோயல் சாண்ட்லர் ஹாரிசின் 'அங்கிள் ரீமஸ்' நூலில் காணப்படுகிறது. பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களில், தமக்கு விதிக்கப்பட்ட இடத்தில் நில்லாத கறுப்பினத்தவரை வெள்ளையர் ஏசும் சொல்லாக அது நிலைத்தது. 2008இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ஒருவர் பராக் ஒபாமா, மிஷேல் ஒபாமா இருவரையும் பற்றிப் பேசும்போது இச்சொல்லைப் பயன்படுத்தினார். பெரும் கண்டனம் எழுந்தது. அதற்கு இனம் சார்ந்த பொருள் இருப்பது தமக்குத் தெரியாது என்று அவர் விளக்கம் அளித்தார். சொல்லின் வரலாறு பேசுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது குத்தும் இடம் கேட்பவருக்குத் தெரியும்.

வசை பாராட்டாக மாறுதல்

ஏசப்பட்டவர்கள் சில சொற்களைத் தம் பெருமைக்குரியனவாக மாற்றிக்கொண்டதும் உண்டு. 'சாசி' என்பதன் அமெரிக்க வடிவமான 'சாஸ்ஸி' இன்று துணிவும் கலகலப்பும் உள்ள பெண்ணைப் பாராட்டவும் பயன்படுகிறது. 'அடாசிட்டி' என்பது வசையாகவும் வரும், வீரமாகவும் வரும். ஒபாமா 2006இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அது நம்பிக்கையோடு இணைந்து நிற்கிறது.

யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்த 'ஹுட்ஸ்பா' என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. 1968இல் வெளியான தம் நூலில் லியோ ராஸ்டன் இதற்குக் கூறிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. தாய் தந்தையைக் கொன்றவன் நீதிமன்றத்தில், நான் அனாதை, இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சுவதுதான் 'ஹுட்ஸ்பா'. அமெரிக்க வழக்கிலோ இன்று அது வியக்கத்தக்க துணிச்சலையும் குறிக்கிறது.

மாணவர் கவனத்திற்கு

இச்சொற்களை எழுத்திலும் பேச்சிலும் பயன்படுத்தும்போது பின்வருவனவற்றை நினைவில் கொள்வது நல்லது.

1. 'ஓவர்கான்ஃபிடன்ட்' என்பது ஒருவர் தம் திறமையைத் தவறாகக் கணித்திருப்பதை மட்டும் சொல்கிறது. அதில் உயர்வு தாழ்வு இல்லை. தேர்வு, விளையாட்டு, வணிகம் பற்றி எழுத ஏற்றது.

2. 'அரகன்ட்', 'சூப்பர்சிலியஸ்' ஆகியவை தம்மை உயர்ந்தவராகக் கருதிப் பிறரைத் தாழ்வாக நடத்துபவரைக் குறிக்கும். தலைக்கனம் என்பது இவற்றுக்கு நெருங்கிய தமிழ்.

3. 'இன்சொலன்ட்', 'இம்பெர்டினன்ட்', 'இம்பூடன்ட்' ஆகியவற்றைச் சொல்பவர், தாம் மேலானவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். சம நிலையில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது 'ரூட்' என்ற எளிய சொல்லே போதும்.

4. 'சீக்கி' மென்மையானது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செல்லமாகவும் சொல்லப்படும்.

5. 'அப்பிட்டி' என்ற சொல்லைப் பொருள் அறிந்து வைத்துக்கொண்டால் போதும். பயன்படுத்தாமல் இருப்பதே நன்று.

இவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவரைத் துடுக்குக்காரர் என்று எழுதும் முன், அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1670இல் இலண்டன் நீதிமன்றத்தில் பதில் இருக்கவில்லை. ஆகவே வசை வந்தது. வகுப்பறையில் எழுந்து நின்று, ஏன் என்று கேட்கும் மாணவனுக்கும் மாணவிக்கும் முதலில் தர வேண்டியது பதில்தான். அவர்கள் கேட்ட விதத்தில் குறை இருந்தால் அதைப் பிறகு சொல்லித் திருத்தலாம்.